மறு: கான்ஸ்ட்ரெயின்ட்டுக்குத் தமிழ்ச் சொல்: ‘கட்டுப்பாடு’ வேண்டாம், ‘தளை’ வைப்போம்

வணக்கம்.

லேத், மில்லிங் வேலை செய்கிறவர்களுக்காக எழுதும் ஃப்ரீகேட் (கணினியில் பாகங்களை வரைந்து வடிவமைக்கும் கேட் நிரல்) கையேட்டில் கான்ஸ்ட்ரெயின்ட்டை, அதாவது ஒரு கோடோ புள்ளியோ எப்படி இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் நாம் விதிக்கும் நிபந்தனையை, ‘கட்டுப்பாடு’ என்றே விட்டுவிடலாம் என்று முந்தைய மடலில் வந்திருந்தது. பட்டறையில் அது குழப்பும். கணினி வழி இயங்கும் மெஷினைக் குறிக்கும் சிஎன்சி-யின் கடைசி எழுத்தே கன்ட்ரோல்தான், அதையும் கட்டுப்பாடு என்கிறோம். குவாலிட்டி கன்ட்ரோலும் தரக் கட்டுப்பாடு. ஒரே பக்கத்தில் ஒரு சொல் மூன்று வேலை பார்த்தால், மெஷினில் ஏதோ பட்டனைத் தேட வேண்டும் போல என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

என் பரிந்துரை: தளை.

விலங்கு, கட்டு என்பது அதன் பொதுப் பொருள். ஸ்கெட்ச்சில், அதாவது பாகத்துக்கு அடிப்படையான தட்டை வரைபடத்தில், ஒரு புள்ளியை மவுஸால் இழுத்தால் நகர்கிறது, தளையிட்ட பிறகு நகராது. இதுவே போதும். ஆனால் எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு யாப்பிலக்கணம்தான் காரணம். யாப்பில் தளை என்பது தனியாக நிற்கும் உறுப்பு இல்லை. நின்ற சீரின் ஈற்றசைக்கும் வரும் சீரின் முதலசைக்கும் உள்ள உறவு அது. மா முன் நிரை, விளம் முன் நேர் என்று சொல்லும்போது இரண்டு சீர்களைச் சேர்த்தே சொல்கிறோம். ஸ்கெட்ச்சிலும் பெரும்பாலும் அப்படித்தான்: இந்தக் கோடு அந்த வட்டத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும், இந்த முனை அந்த முனையோடு ஒட்ட வேண்டும். சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு கேட் நிரல் இவற்றை ‘ரிலேஷன்’ என்றே அழைக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. ஒன்றுக்கொன்று முரணான இரண்டைப் போட்டால் ஃப்ரீகேட் சிவப்பில் எச்சரிக்கும். அதற்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை, ‘தளை தட்டுகிறது’ என்று எழுதலாம். வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும், மற்றவர்களுக்கும் ஏதோ இடிக்கிறது என்பது காதிலேயே விழும். முரண் இல்லாமல் தேவைக்கு மேல் இருப்பது மிகைத்தளை. நீளம், ஆரம், கோணம் போன்றவை அளவுத்தளை. கிடை, செங்குத்து, இணை, தொடுகை போன்றவை வடிவத்தளை. எல்லாம் முடிந்து கோடுகள் பச்சையானால் முழுத்தளை.

‘பூட்டு’ என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். நல்ல எளிய சொல், ஆனால் லாக் என்ற பெயரிலேயே ஃப்ரீகேட்டில் ஒரு தளை இருக்கிறது, அதற்கு வைத்துக்கொள்வோம். ‘பிணை’ என்றால் பலருக்கு ஜாமீன்தான் நினைவுக்கு வரும். தளைக்கு எதிராக நான் மதிக்கும் ஒரே வாதம், பேச்சில் ‘தலை’ என்று கேட்கும் என்பது. அது உண்மைதான். ஆனால் ‘அளவுத்தளை போடு’ என்று சேர்த்துச் சொல்லும்போது குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுவது வீண் இல்லை. வட்டமாக ஆறு போல்ட் துளை உள்ள ஃபிளேஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். தளைகள் ஒழுங்காக இருந்தால் பிசிடி அளவை (துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டத்தை) மட்டும் மாற்றுகிறோம், ஆறு துளையும் கூடவே நகர்கின்றன. இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் கையால் நகர்த்த வேண்டும், ஒன்று தப்பினாலும் ஜாப் ஸ்கிராப். 1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடி-யில் ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் நிரலைச் செய்தபோதே இந்தக் கருத்து அதில் இருந்தது. அதனால் எந்த கேட் நிரல் நல்லது என்று யாராவது கேட்டால், முதலில் அதன் தளைகளோடு பழகிப் பாருங்கள் என்பேன். பாகத்தை ஸ்டெப் கோப்பாக (கேட் நிரல்களுக்கிடையே வடிவத்தைப் பரிமாறும் பொதுவான கோப்பு வகை) அடுத்த நிரலுக்கு அனுப்பினால் வடிவம் போய்ச் சேரும், தளைகள் சேராது. அவை செய்த இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே விலை இல்லாமல், கணக்கு தொடங்காமல், தன் கணினியிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய ஃப்ரீகேட்டையே சின்னப் பட்டறைக்கு நான் சொல்வேன். ஒரு முகத்தை மாற்றினால் அதன்மேல் கட்டிய மற்றவை உடையும் பழைய தொல்லையும் 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் பெருமளவு குறைந்திருக்கிறது. ஐந்து அச்சு மில்லிங்தான் முக்கிய வேலை என்றால் ஃப்யூஷன் போன்ற வேறு நிரல்களைப் பார்ப்பது நல்லது.

இன்னும் தீராதது டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது ஸ்கெட்ச் இன்னும் எத்தனை விதமாக நகரலாம் என்ற எண்ணிக்கை. கையேட்டின் இரண்டாம் பாடமே அதில்தான் நிற்கிறது. தனித்தனியாக நான்கு கோடுகள் என்றால் 16. முனைகளை ஒட்டினால் 8. இரண்டு கிடை, இரண்டு செங்குத்து போட்டால் 4. அகலம், உயரம், ஒரு மூலையின் இருப்பிடம் கொடுத்தால் 0, செவ்வகம் அசையாது. இந்த எண்ணுக்கு என்ன பெயர்? ‘சுதந்திர இயக்கக் கூறுகள்’ என்பது பாடநூலுக்குச் சரி, திரையின் ஓரத்தில் எண்ணோடு காட்ட நீளம். ‘அசைவெண்’ என்று எழுதிப் பார்த்தேன்: ‘அசைவெண் 4’. யாப்பில் அசைக்கு வேறு பொருள் இருப்பதால், தளையோடு சேர்ந்து வரும்போது இடறுமா என்று யாப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இடறினால் ‘நகர்வெண்’ வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.