ஃபிப்ரிலேஷனுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். இதய நோயாளிகளிடம் கொடுத்தனுப்பும் ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பால்பிடேஷன் (இதயம் அடிப்பதை நோயாளி உணர்வது), ஃப்ளட்டர் (மேலறை ஒழுங்காக, ஆனால் மிக வேகமாகத் துடிப்பது), ஃபிப்ரிலேஷன் (இதயத் தசை தாறுமாறாகத் துடிப்பது) மூன்றுக்கும் பழைய பதிப்பில் 'படபடப்பு' என்றே இருக்கிறது. ஃப்ளட்டரை மட்டும் 'சிறகடிப்பு' ஆக்கிவிட்டு, மேலறையில் வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (சுருக்கமாக ஏ.எஃப்.) 'மேலறைப் படபடப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா? யாருக்கும் புரியும்.

தமிழாசிரியர், ஓய்வு:

புரியும், ஆனால் சொல்லாக நிற்காது. படபட என்பது இரட்டைக்கிளவி. வெறும் ஒலிக்குறிப்பை நோய்ப்பெயராக்குவது அழகா? நல்ல பழஞ்சொல் கையில் இருக்கிறது: விதிர்ப்பு. திருவாசகத்தில் திருச்சதகத்தின் முதல் வரியே 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' என்றுதான் தொடங்குகிறது. உடல் தன் வசத்தில் இல்லாமல் நடுங்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம், 'துடிப்பு' பற்றி ஒரு சொல். துடி என்பது பறை. புறநானூற்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்கிற பாட்டு நினைவிருக்கும். பறையிலிருந்து துடிப்பு வந்ததா, துடிப்பிலிருந்து பறைக்குப் பெயர் வந்ததா என்பது என் நெடுநாள் ஐயம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

இதய மருத்துவர்:

ஐயா, பறையைப் பிறகு பார்ப்போம். 'படபடப்பு' வேண்டாம் என்பதில் உங்களோடு நிற்கிறேன், ஆனால் காரணம் வேறு.

இதயத்துக்குத் தாளம் தரும் சைனஸ் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டல் அனுப்பும். இந்தக் கோளாறில் மேலறைகளில் 350 முதல் 600 வரை அலைகள் தாறுமாறாக ஓடுகின்றன. மேலறை ஒன்றாகச் சுருங்குவதில்லை. தசை அங்கங்கே நெளிகிறது, அவ்வளவுதான். கீழறைக்குப் போகும் வழியில் ஏ.வி. கணு காவல் இருப்பதால் எல்லா அலையும் இறங்காது. எது இறங்கும் என்பதற்கும் ஒழுங்கில்லை. அதனால்தான் நாடியில் எந்த இரண்டு இடைவெளியும் ஒத்திருப்பதில்லை. ஈ.சி.ஜி.யில் மேலறைத் தூண்டலைக் காட்டும் பி அலை காணாமல் போகும்.

ஆபத்து வேகத்தில் மட்டும் இல்லை. இடது மேலறையின் பக்கப்பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த வாய்ப்பு சுமார் 5 மடங்கு கூடுகிறது. ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கிய நோயாளிகளுக்கு இன்னும் அதிகம். நம் ஊரில் அவர்கள் குறைவில்லை. அவர்களுக்கு உறைதல் தடுப்பு மாத்திரையான வார்ஃபரின்தான், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். படபடப்பு என்பது நோயாளி உணர்வது. ஏ.எஃப். உள்ள பலர் எதையும் உணர்வதில்லை. உணர்கிறவர்களுக்கும் பீட்டா தடுப்பு மாத்திரையால் வேகம் குறைந்ததும் படபடப்பு அடங்கிவிடும், ஏ.எஃப். அப்படியே இருக்கும். நோய்க்கே படபடப்பு என்று பெயர் வைத்தால், 'படபடப்பு போச்சு, நோய் போச்சு' என்று உறைதல் தடுப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள்.

ஃப்ளட்டர் முற்றிலும் வேறு. மின்தூண்டல் சுற்றிவரும் ஒரே வளையம், பெரும்பாலும் வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றி, நிமிடத்துக்கு 300 அளவில். இரண்டுக்கு ஒன்று இறங்கினால் நாடி சரியாக 150. வளையத்தின் குறுகிய இடத்தைச் சுட்டுத் தழும்பாக்கினால் பெரும்பாலும் தீர்ந்தது. ஃபிப்ரிலேஷனில் பொறி கிளம்புவது பல நேரம் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து. 1998இல் பிரான்சின் போர்தோவில் இருந்து வந்த கண்டுபிடிப்பு அது. 'சிறகடிப்பு' எனக்குச் சம்மதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பாடப்புத்தகங்களில மேலறை எண்டு இல்லை, சோணையறை. கீழ இருக்கிறது இதயவறை. சோணை எண்டால் காது மடல்; லத்தீனில ஆரிக்கிள் எண்டதும் சின்னக் காதுதான். மானிப்பாயில அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில மேலை மருத்துவம் படிப்பிச்ச மண் இது. கலைச்சொல்லைத் தமிழ்நாட்டில தொடங்கி தமிழ்நாட்டிலேயே முடிக்கிற பழக்கத்தை எப்ப விடப்போறியள்?

மூலச்சொல்லையும் பாருங்கோ. ஃபிப்ரில்லா எண்டால் சிறு இழை. ஒவ்வொரு இழையும் தன்பாட்டில துடிக்குது. 'இழைத்துடிப்பு' எண்டால் பொறிமுறையே சொல்லுக்குள்ள வந்திடும்.

செவிலியர் கல்லூரி ஆசிரியை:

இழைத்துடிப்பு வகுப்பில் சொல்ல நன்றாக இருக்கும். ஆனால் 'இழை' என்றால் பிள்ளைகளுக்குத் தையல்தான் நினைவுக்கு வரும். 'நார்' என்று மாற்றினால் தசைநாரோடு குழம்பும். விதிர்ப்பை நான் கரும்பலகையில் எழுதினால் யாரும் திருப்பிச் சொல்லக்கூட மாட்டார்கள், மன்னியுங்கள் ஐயா. 'நடுக்கம்' போதாதா?

தமிழாசிரியர், ஓய்வு:

போதாது, அம்மா. குளிருக்கும் நடுக்கம், பயத்துக்கும் நடுக்கம், முதுமையில் கைக்கும் நடுக்கம். ஈட்டியை அசைப்பதும் விதிர்ப்புதானே என்று யாராவது கேட்பீர்கள்; அந்தக் குழப்பம் வேண்டாமென்றால் தன்வினையாக 'விதிர்வு' என்று கொள்ளுங்கள். ஒரு சொல்லை நாற்பது முறை சொன்னால் அது எளிய சொல்.

சித்த மருத்துவர்:

நாடி நடைக்கு எங்களிடம் உவமை உண்டு. வாதம் அன்னம், கோழி, மயில். பித்தம் ஆமை, அட்டை. ஐயம், அதாவது கபம், தவளை, பாம்பு. டாக்டர் சொல்கிற நாடி தவளை நடைக்கு நெருங்கி வருகிறது.

இதய மருத்துவர்:

தவளை என்றால் நன்னூலையே எடுத்துக்கொள்ளலாம்: இயல்பான சைனஸ் தாளம் தடையில்லாமல் ஓடும் ஆற்றொழுக்கு, ஏ.எஃப். விட்டுவிட்டுத் தாவும் தவளைப் பாய்த்து. என் மாணவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். கையேட்டுக்கு வேண்டாம்.

'நடுக்கம்' மேலறைக்குச் சரி. கீழறைக்குத்தான் இடிக்கிறது. அங்கே ஃபிப்ரிலேஷன் வந்தால் ஆள் சில நொடிகளில் சுருண்டு விழுவார். உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, மின்னதிர்ச்சி கொடுக்காவிட்டால் நிமிடங்களில் உயிர் போகும். அதற்கும் 'கீழறை நடுக்கம்' என்றால் ஏதோ காய்ச்சல் வந்ததுபோல இருக்கிறது. ஒன்றோடு பல வருடம் வாழலாம், மற்றது கண்ணெதிரே கொல்வது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் அப்படியே வைக்க வேண்டுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

இதைத்தான் சொல்லுறன். இரண்டும் ஒரே பொறிமுறை, இடம்தான் வேறை. இழைத்துடிப்பு எண்டால் இரண்டுக்கும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர்:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்துவிட்டது. கீழறைக் கோளாறு இந்தக் கையேட்டில் இல்லை, அடுத்த பதிப்பில் சண்டை போடுவோம். இப்போதைக்கு: 'உங்கள் சீட்டில் ஏ.எஃப். என்று எழுதியிருப்பது மேலறை நடுக்கம். இதை நீங்கள் உணராமலும் இருக்கலாம். படபடப்பு நின்றாலும் மருத்துவரைக் கேட்காமல் உறைதல் தடுப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.' அடுத்த பத்தியில் மேலறை சிறகடிப்பு. யாழ்ப்பாண நண்பருக்காக, முதல் முறை வரும் இடத்தில் 'சோணையறை எனப்படும் மேலறை' என்று சேர்த்திருக்கிறேன்.

செவிலியர் கல்லூரி ஆசிரியை:

இதுவே போதும். வகுப்பிலும் இதையே சொல்கிறேன்.

தமிழாசிரியர், ஓய்வு:

பெரும்பான்மை நடுங்கட்டும், நான் விதிர்வில்தான் நிற்கிறேன். ஆனால் 'மேலறை சிறகடிப்பு' என்று எழுதியிருக்கிறீர்களே. அங்கே ச் மிகும். அதையாவது அச்சுக்கு முன் திருத்துங்கள்.