சுப்ரமணியபுரம் பற்றி எங்கள் குடும்பக் குழுவில்

பெரியப்பா:
நேற்றிரவு 'சுப்ரமணியபுரம்' படத்தை மறுபடியும் பார்த்து முடித்தபோது மணி ஒன்றாகிவிட்டது. 2008 ஜூலையில் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த அன்று எப்படித் தூக்கம் வரவில்லையோ, அப்படியே நேற்றும் வரவில்லை. சசிகுமார் இயக்கிய முதல் படம் இதுதான் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை.

அத்தை:
அண்ணே, அதில் வெட்டும் ரத்தமும்தானே இருக்கிறது? அந்தப் படமும் அதற்குப் பின்னால் வந்தவையும் சேர்ந்து மதுரை என்றாலே அரிவாள் என்று ஆக்கிவிட்டன. வெளியூரில் சம்பந்தம் பேசப் போனால்கூட, மதுரையா என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பெரியப்பா:
அந்த வருத்தம் எனக்கும் உண்டு தங்கச்சி. பின்னால் வந்தவர்களில் பலர் இந்தப் படத்திலிருந்து அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதை அந்தப் பையன்களின் கையில் கொடுத்தது யார் என்பதல்லவா படத்தின் உயிர்? அழகரும் பரமனும் காசியும் வேலைவெட்டி இல்லாமல் தெருவில் உட்கார்ந்திருப்பவர்கள். அடிதடியில் மாட்டும்போதெல்லாம் முன்னாள் கவுன்சிலர் சோமுவின் குடும்பம்தான் அவர்களை வெளியே எடுத்துவிடுகிறது. எதிர்பார்த்த கட்சிப் பதவி வேறொருவருக்குப் போனதும், சோமுவின் தம்பி கனகு அந்த நன்றியைத்தான் பிடித்து இழுக்கிறான். மிரட்டல் கிடையாது, குடும்பத்தின் மானம் போய்விட்டதே என்று உருகிப் பேசுகிறான். கனகுவாக நடித்த சமுத்திரக்கனியின் அந்தக் குரலைக் கேட்டால் நாமே எழுந்து போய்விடுவோம் போலிருக்கும். கொலையைச் செய்துவிட்டு உள்ளே போனவர்கள், இன்று வருவார், நாளை வருவார் என்று காத்திருக்கிறார்கள். கனகு வரவே இல்லை.

கதை நடக்கும் 1980இல் எனக்கு இருபது வயது. எங்கள் தெருவிலும் ஒருவன் ஒரு பெரிய மனிதருக்காகக் கைநீட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு அலைந்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவனுடைய அம்மா மட்டும் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு பஸ் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரிய மனிதரின் வீட்டிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் படத்தை வெறும் வெட்டுக்குத்துப் படம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

கார்த்தி:
பெரியப்பா, எனக்கு வியப்பாக இருப்பது அந்தக் காலத்தை அவர்கள் கொண்டுவந்த விதம். பெல்பாட்டமும் காதை மூடிய முடியும் யார் வேண்டுமானாலும் வைத்துவிடலாம். ஆனால் தியேட்டரில் 'முரட்டுக்காளை' ஓடும்போது நடக்கும் ஆர்ப்பாட்டமும், 'சிறு பொன்மணி அசையும்' பாட்டு ஒலிக்கும்போது அழகர் சோமுவின் மகள் துளசியைப் பார்க்கும் பார்வையும் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. அந்தப் பையன்கள் எவ்வளவு சாதாரணமானவர்கள் என்பதை அவைதான் சொல்கின்றன.

மலர்:
பெரியப்பா, அந்தத் துளசியைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. 'கண்கள் இரண்டால்' பாட்டில் தலையை லேசாகச் சாய்த்து அவ்வளவு அழகாகச் சிரிக்கிறவள், அழகரை வரச்சொல்லி கனகுவின் ஆட்களிடம் மாட்டிவிடுகிறாளே.

அத்தை:
மலர், நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், ஆனால் அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் யாருடைய மகள் என்பதை நினைத்துப் பார். ஒரு பக்கம் பெற்றவரும் சித்தப்பாவும், இன்னொரு பக்கம் பேசிக்கூடப் பழகாமல் கண்ணால் பார்த்தே விரும்பிய பையன். வீட்டுப் பெண்ணை அழவைத்துக் காரியம் சாதித்துக்கொண்ட பெரியவர்களை விட்டுவிட்டு அவளைத் திட்டுவது நியாயமில்லை, அம்மா.

பெரியப்பா:
தங்கச்சி சரியாகச் சொன்னாள். அழகரை அவர்கள் சூழ்ந்துகொள்ளும்போது துளசியும் அங்கேதான் நின்று அழுகிறாள். முதல் பாதி முழுக்க நாம் ரசித்த அதே முகத்தை அந்த நிலையில் பார்ப்பது வெட்டைப் பார்ப்பதைவிடக் கொடுமையாக இருக்கிறது. காதல் பகுதியை அவ்வளவு நீளமாக எதற்கு வைத்தார் என்று முதல் தடவை பார்த்தபோது நினைத்தேன். அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

கார்த்தி:
காசியையும் சொல்ல வேண்டும். கஞ்சா கருப்பு திரையில் வந்தாலே சிரிக்கப் பழகியவர்கள் நாம். அவரைப் பக்கத்திலேயே வைத்து, படம் முழுக்க நம்மைச் சிரிக்கவிட்டு, கடைசியில் காசுக்காகப் பரமனைக் காட்டிக்கொடுப்பவனாக அவரையே நிறுத்தியது பெரிய துணிச்சல். இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் தன்னுடைய 'கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்' படத்தின் தொடக்கத்திலேயே பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி தெரிவித்திருக்கிறார்.

பெரியப்பா:
படம் 2008இல், சிறை வாசலில் தொடங்குவதைக் கவனித்தீர்களா? இத்தனை வருடம் உள்ளே இருந்துவிட்டு வெளியே காலெடுத்து வைப்பவன் மீது கத்தி பாய்கிறது. அவன் யார், எதற்காக என்று சொல்லாமலேயே கதை 1980க்குப் போய்விடுகிறது. முதல் தடவை பார்ப்பவர்கள் அவனுக்காகப் பரிதாபப்படுவார்கள். அவன்தான் காசி என்று தெரிந்துகொண்டு நேற்று பார்த்தபோது, குத்தியவனின் இருபத்தெட்டு வருடக் கோபம்தான் எனக்குக் கண்ணில் பட்டது.

அத்தை:
எனக்கு அந்த முதல் காட்சி சுத்தமாக மறந்துபோய்விட்டது, அண்ணே. சனிக்கிழமை இங்கே வாருங்கள், மலரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். வெட்டு வரும் இடத்தில் மட்டும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன், அது முடிந்ததும் கூப்பிடுங்கள்.