இபிஎஸ் லைட் எரியுது, ஸ்டீரிங் கல்லு மாதிரி இறுகுது: டார்க் சென்சார் மட்டும் மாத்தலாமா?

நீலவண்டி:
எலெக்ட்ரிக் பவர் ஸ்டீரிங் உள்ள பழைய சின்னக் கார். ஸ்டார்ட் பண்ணும்போது நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச தூரம் போய் வலது பக்கம் திருப்பினா இபிஎஸ் லைட் எரியும், ஸ்டீரிங் சட்டுனு இறுகிடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகும், அடுத்த திருப்பத்துல மறுபடி அதே கதை. ஸ்கேன்ல சி1512னு பிழைக் கோடு வந்துச்சு. டார்க் சென்சார் (ஸ்டீரிங்கை எவ்வளவு பலமா திருப்புறோம்னு அளக்கிறது) போச்சு, காலம் அசெம்பிளியே, அதாவது ஸ்டீரிங் தண்டு முழுசையும் புதுசா போடணும்கிறாங்க. அந்தக் காசு கட்டுப்படியாகாது. ஆன்லைன்ல சென்சார் மட்டும் மலிவா கிடைக்குது, வாங்கலாமா?

பழைய மெக்கானிக்:
அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல பேட்டரி, எர்த். நின்ன இடத்துல திருப்பும்போது அந்த மோட்டார் கரண்ட்டை உறிஞ்சித் தள்ளும். டெர்மினல்ல உப்பு பூத்திருந்தாலே ஈசியு (ஸ்டீரிங்கைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) கைவிரிச்சிடும். எஞ்சின் ஓடாதப்போ 12.5 வோல்ட்டாவது இருக்கணும், ஓடும்போது 13.5லேர்ந்து 14.5.

நீலவண்டி:
12.6, ஓடும்போது 14.1. டெர்மினல் சுத்தம் பண்ணி எர்த் போல்ட்டையும் இறுக்கியாச்சு. ஒரு மாற்றமும் இல்லை.

மல்டிமீட்டர்:
அப்போ சென்சாரையே அளந்துடுங்க. பழைய வண்டின்னா பெரும்பாலும் அனலாக்தான்: 5 வோல்ட் சப்ளை, எர்த், ரெண்டு சிக்னல். கனெக்டரைக் கழட்டாம, பின்பக்கமா மெல்லிய ஊசி விட்டு அளக்கணும். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். கையை எடுத்தா ரெண்டு சிக்னலும் 2.5 பக்கத்துல நிக்கும். இப்ப ஸ்டீரிங்கைத் திருப்புற மாதிரி லேசா அழுத்துங்க. சில வண்டியில ரெண்டும் ஒரே பக்கம் போகும், சிலதுல ஒண்ணு ஏறினா மத்தது இறங்கும். எதுவானாலும் வழுக்கிக்கிட்டு நகரணும், குதிக்கக் கூடாது. அப்படியே வயரையும் ஆட்டிப் பாருங்க.

நீலவண்டி:
கிடைச்சிடுச்சு! ஒண்ணு ஒழுங்கா நகருது. மத்தது வலது பக்கம் அழுத்தினா 2.9 வரை போய், பட்டுனு 0.4க்கு விழுந்து திரும்ப ஏறுது. வயரை எவ்வளவு ஆட்டினாலும் அசையலை.

அவசரம்:
ஒரு ரெசிஸ்டர் போட்டு 2.5லயே நிறுத்திட்டா லைட் வராதே ப்ரோ?

பழைய மெக்கானிக்:
தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க. ரெண்டு சிக்னல் வச்சிருக்கிறதே ஒண்ணு பொய் சொன்னா மத்தது காட்டிக்கொடுக்கத்தான். பொருந்தலைன்னா ஈசியு மோட்டாரை நிறுத்தும், ஸ்டீரிங் கனமாகும், அவ்வளவுதான். ஏமாத்தினா ஸ்டீரிங் தானா ஒரு பக்கம் இழுக்கவும் வாய்ப்பிருக்கு.

நீலவண்டி தம்பி, உங்களுது சென்சாருக்கு உள்ளே டிராக் (தொடுமுனை உரசுற தடம்) தேஞ்சது மாதிரி தெரியுது. பேர் தெரியாத தனி சென்சாரை நான் போட மாட்டேன். ஷாஃப்ட்டுக்குள்ள இருக்கிற டார்ஷன் பார் சில டிகிரிதான் முறுக்கும், அதைத்தான் சென்சார் படிக்குது. ரெண்டையும் தொழிற்சாலையில சேர்த்தே செட் பண்ணியிருப்பாங்க. சிக்கனமா முடிக்கணும்னா பழைய வண்டிகளைப் பிரிக்கிற இடத்துல முழுக் காலமா வாங்குங்க. பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணா இருக்கணும். விபத்துல அடிபட்ட வண்டியோடது வேண்டாம். ஷாஃப்ட்டைக் கையில சுத்திப் பாருங்க, எங்கேயும் மாட்டக் கூடாது, ஆட்டம் இருக்கக் கூடாது.

கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸை எடுத்துட்டு மேனுவல்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் காத்திருங்க, முன்னாடி ஏர்பேக் இருக்கு. சக்கரம் நேரா இருக்கட்டும், ஜாயின்ட்ல பெயின்ட்ல கோடு போட்டுக்குங்க. ஸ்டீரிங்குக்குப் பின்னாடி ஏர்பேக் வயர் சுருண்டிருக்கிற கிளாக் ஸ்பிரிங்கைச் சுத்திடாதீங்க, டேப் ஒட்டிடுங்க.

மல்டிமீட்டர்:
கடைசியா ஜீரோ பாயின்ட் காலிபிரேஷன், அதாவது கை படாத நிலைதான் ஜீரோன்னு பதிய வைக்கிறது. மலிவான புளூடூத் ஸ்கேனர்ல பாதிக்கு மேல எஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும், இபிஎஸ் உள்ளே போற கருவி வேணும். அது ஓடும்போது ஸ்டீரிங் மேல கை படவே கூடாது.

நீலவண்டி:
முடிஞ்சது அண்ணா. அதே நம்பர்ல காலம் கிடைச்சுது, தெரிஞ்ச மெக்கானிக்கை வச்சு மாத்தியாச்சு. உடனே சி1515னு வந்துச்சு, ஜீரோ பண்ணதும் போயிடுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி லேசா திரும்புது. புதுசுக்குச் சொன்ன விலையில கொஞ்சம்தான் ஆச்சு.

எண்ணெய்க்கை:
இதே இழையில கேட்டுடுறேன். என்னுது ஆயில் பவர் ஸ்டீரிங், பி0551 வருது. எனக்கும் காலம்தானா?

பழைய மெக்கானிக்:
இல்லைங்க, அது பிரஷர் சென்சார், லைன்லயே இருக்கும். பம்ப்ல லோடு ஏறுதுன்னு எஞ்சினுக்குச் சொல்றது மட்டும்தான் அதோட வேலை. கெட்டா ஐடில்ல திருப்பும்போது ஆர்பிஎம் தொய்யும், ஸ்டீரிங் கனமாகாது. ஆயில் அளவையும் கனெக்டர்ல ஆயில் ஏறியிருக்கான்னும் பார்த்துட்டு, அந்த ஒரு சென்சாரை மட்டும் மாத்துங்க. கழட்டும்போது கீழே ஒரு தட்டு வைங்க.