யாங்கி ஃபோர்க் ஓடை: சுரங்கம் கெடுத்ததை சரிபண்றதுல அர்த்தம் இருக்கா?

ஓடைக்காரன்:
அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல சால்மன் ஆத்துல வந்து சேர்ற யாங்கி ஃபோர்க் பத்தி பேசலாம். 1940ல இருந்து 1952 வரைக்கும் ஒரு தங்க டிரெட்ஜ் (ஆத்துப் படுகையைத் தோண்டி தங்கம் எடுக்குற மிதக்கும் இயந்திரம்) அந்தப் பள்ளத்தாக்கையே பொரட்டிப் போட்டுட்டுப் போச்சு, அஞ்சு மைலுக்கு மேல வெறும் கல்லு மேடு. இப்ப மேட்டை சமப்படுத்தி, கிளை ஓடை வெட்டி, பெரிய மரங்களை தண்ணிக்குள்ள போட்டு சால்மன் மீனுக்கு இடம் பண்றாங்க. செஞ்சே ஆகவேண்டிய வேலைன்னு நினைக்கிறேன்.

ஸ்நேக்வாசி:
எனக்கு உடன்பாடு இல்லங்க. அங்க முட்டை போட வர்ற சினூக் (சால்மன்ல ஒரு வகை) கடல்ல இருந்து எட்டு அணை தாண்டணும், குஞ்சும் அதே எட்டைத் தாண்டித்தான் கடலுக்குப் போகணும். பக்கத்துல சால்மன் ஆத்தோட இன்னொரு கிளையான மிடில் ஃபோர்க்கை பாருங்க, ரெண்டு பக்கமும் காப்புக்காடு, ஓடை அருமையா இருக்கு, அங்கயும் சினூக் பழைய கணக்குல ஒரு சின்ன பங்கு தான் வருது. அப்போ பிரச்சனை ஓடையிலயா இருக்கு? வாசலை அடைச்சுட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை இது. அந்த அணைகளோட கரண்டை விக்கிற பான்வில்ங்கிற அரசு மின் நிறுவனமே இதுக்குப் பணமும் குடுக்குது, அத யோசிங்க.

ஓடைக்காரன்:
மிடில் ஃபோர்க் பாயிண்ட் சரியானது, அந்த எட்டுல கீழ் ஸ்நேக் ஆத்துல இருக்குற நாலு அணையும் போகணும்னு தான் நானும் சொல்றேன். ஆனா அணையைத் தாண்டி வந்து சேர்ற அந்தக் கொஞ்ச மீன் எங்க முட்டை போடும்? டிரெட்ஜ் வாளி வாளியா அடிப்பாறை வரைக்கும் தோண்டி, கழுவி, தங்கத்தை எடுத்துட்டு மிச்சத்தைப் பின்னாடி கொட்டிக்கிட்டே நகரும், மண்ணு முதல்ல விழுந்து அடியில போயிடும், பெரிய கல்லு மேல நிக்கும். அதான் இத்தனை வருஷம் ஆகியும் மேட்டு மேல மரம் சரியா வரல. ஓடையும் ரெண்டு மேட்டுக்கு நடுவுல நேர் வாய்க்காலா ஆயிடுச்சு, பனி உருகுற வெள்ளம் பரவ எடமில்லாம அடிச்சுட்டு ஓடுது. சினூக் குஞ்சு குளிர்காலம் முழுக்க ஓடையிலயே கிடக்கணும், ஓரத்துல மெதுவா போற தண்ணி இல்லன்னா எங்க ஒதுங்கும்?

பழங்காலப்பிரியை:
மேட்டை மொத்தமா அழிச்சிடாதீங்க ப்ளீஸ், அதுவும் வரலாறு தானே. டிரெட்ஜ் அங்க மியூசியமா நிக்குது, சுத்தி புல்வெளி ஆக்கிட்டா அது என்ன பண்ணுச்சுன்னு பாக்குறவங்களுக்கு எப்படி புரியும்?

ஓடைக்காரன்:
டிரெட்ஜ் பக்கத்துல கொஞ்சம் மேட்டை விட்டு வைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா ஷோஷோனி-பானக் பழங்குடி மக்களோட வரலாறும் அங்க தான் இருக்கு. அமெரிக்க அரசோட போட்ட 1868 ஃபோர்ட் பிரிட்ஜர் ஒப்பந்தம் அவங்களுக்கு வேட்டை உரிமை குடுத்துச்சு, அதுல மீன்பிடிப்பும் சேர்த்தி, மீனே வரலன்னா அந்த உரிமைய வச்சு என்ன பண்ணுவாங்க?

ஸ்நேக்வாசி:
அந்த மக்களுக்காகத்தான் நானும் சொல்றேன். ஸ்நேக் சினூக்கை 1992லயே அழியும் ஆபத்துப் பட்டியல்ல சேர்த்தாச்சு, இன்னும் மரக்கட்டை போட்டுட்டு இருக்கோம். வேலை நடக்கட்டும், தடுக்கல. ஆனா இதைக் காட்டி அணைப் பேச்சைத் தள்ளிப்போட்டா ஒத்துக்க மாட்டேன்.