மோட்டார் 4 ஆம்பியர் இழுக்கிறது, மீட்டரில் பாதிதான் ஏறுகிறது. மீட்டர் பழுதா?

கிணற்றடி (இரவு 8:12)
கொஞ்சம் அவசரம். கிணற்று மோட்டார் வயரில் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) மாட்டினால் 4.1 ஆம்பியர் காட்டுகிறது. 230 ஆல் பெருக்கினால் 943 வாட்ஸ். அரை மணி ஓட்டினால் கிட்டத்தட்ட அரை யூனிட் ஏற வேண்டும், ஆனால் 0.2 தான் ஏறுகிறது. மீட்டர் மெதுவாக ஓடுகிறதா? பின்னால் மொத்தமாகச் சேர்த்துக் கட்டச் சொன்னால் என்ன செய்வது? நான் மீட்டரைத் தொட்டதே இல்லை.

சுருள் (8:20)
எத்தனை ஹெச்பி? சிங்கிள் ஃபேஸா? 230 அளந்து பார்த்ததா, பொதுவாகச் சொல்வதா? டாங் டெஸ்டரை ஒரு வயரில் மட்டும்தானே மாட்டினீர்கள்?

முகில் (8:24)
எனக்கென்னவோ மீட்டர்தான் என்று படுகிறது. சோதிக்கச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தெற்குக்காற்று (8:31)
நியூட்ரல் தளர்ந்திருக்கும். நான் பார்த்த புகார்களில் பாதிக்கு மேல் நியூட்ரல்தான். முதலில் அதை முறுக்கிப் பாருங்கள், மெயினை அணைத்துவிட்டு.

மூத்த வயர்மேன் (8:40)
ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட்ஸ் வராது தம்பி, விஏ (வோல்ட்-ஆம்பியர்) தான் வரும். ஹீட்டருக்கும் குண்டு பல்புக்கும்தான் இரண்டும் ஒன்று. இதை இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! கேள்வி போடும் முன் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பவர் ஃபேக்டர் என்றால் என்ன என்று முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

சுருள் (8:52)
படிக்கச் சொல்வது சரிதான் அண்ணா, ஆனால் அவர் பயந்துபோய் இருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டாருக்குள் காந்தப்புலம் உண்டாக ஒரு பங்கு கரண்ட் தேவை. அதற்காக வாங்கிய ஆற்றலை மோட்டார் ஒவ்வொரு அலையிலும் லைனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. டாங் டெஸ்டர் அந்தக் கரண்டையும் சேர்த்துக் காட்டும். யூனிட் மீட்டர், வேலையாகவும் சூடாகவும் செலவானதை மட்டும் எண்ணும். அந்த வாட்ஸை விஏவால் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர்.

மீட்டரை வைத்தே வாட்ஸ் கண்டுபிடிக்கலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அதன் முகப்பிலேயே போட்டிருக்கும். 10 மினுக்கலுக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். முதல் மினுக்கலைப் பூஜ்ஜியம் என்று எண்ணித் தொடங்குங்கள். ஒன்று என்று தொடங்கினால் பத்தில் ஒரு பங்கு பிசகிவிடும்.

கிணற்றடி (9:15)
0.5 ஹெச்பி, சிங்கிள் ஃபேஸ். ஃபேஸ் வயரில் மட்டும்தான் மாட்டினேன். இப்போது அளந்தேன், 226 வோல்ட். மீட்டரில் 3200 என்று இருக்கிறது. 10 மினுக்கலுக்கு 25 நொடி.

தாமிரம் (9:18)
பவர் ஃபேக்டர்தானே பிரச்சினை? மோட்டாருக்கு இணையாக ஒரு கண்டன்சர் போடுங்கள், காந்தப்புலத்துக்கான கரண்டை அதுவே கொடுக்கும். ஆம்பியர் பாதியாகும், பில்லும் பாதியாகும்.

மூத்த வயர்மேன் (9:23)
பில் எப்படிக் குறையும்? வீட்டு மீட்டர் எண்ணாத கரண்டைக் குறைத்தால் மீட்டருக்கு என்ன கவலை? இப்படிச் சொல்லித்தான் பிளக்கில் சொருகும் டப்பாக்களை விற்கிறார்கள்.

தாமிரம் (9:30)
தொழிற்சாலையில் கண்டன்சர் பேங்க் போட்டு பில் குறைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மூத்த வயர்மேன் (9:37)
அங்கே விஏ கணக்கிலும் கட்டணம் போடுவார்கள், பவர் ஃபேக்டர் குறைந்தால் அபராதமும் உண்டு. அதனால் அங்கே குறையும். வீட்டில் மிச்சமாவது வயர் சூடு மட்டும்தான். போகவர வயரின் தடை அரை ஓம் என்று வையுங்கள். 4.1 ஆம்பியரில் 8.4 வாட்ஸ் வீணாகிறது. கண்டன்சர் போட்டு 2 ஆம்பியர் ஆக்கினால் 2 வாட்ஸ். மிச்சம் 6.4 வாட்ஸ்தான். பழைய தட்டு மீட்டரிலும் இதே கதைதான். 1889இல் ஹங்கேரிக்காரர் ஓட்டோ பிளாதி செய்த இண்டக்‌ஷன் மீட்டரே வாட்ஸுக்குத் தக்கபடிதான் சுற்றியது.

முகில் (9:41)
தட்டு மீட்டர் நின்று நிதானமாக ஓடும். புதியவை எல்லாம் வேகமாக ஓடுகின்றன என்பது என் அனுபவம்.

சுருள் (9:55)
அந்த விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா?

கிணற்றடி, ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 3200 ஆல் வகுத்தால் ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். உங்களுக்கு ஒரு மினுக்கலுக்கு 2.5 நொடி, ஆக 450 வாட்ஸ். 226 × 4.1 = 927 விஏ. பவர் ஃபேக்டர் சுமார் 0.49. உங்கள் 0.2 யூனிட்டும் இதோடு ஒத்துப்போகிறது. மீட்டரைச் சந்தேகிக்க எதுவும் இல்லை.

ஆனால் எனக்கு வேறொன்று இடிக்கிறது. அரை ஹெச்பி என்றால் தண்டில் 373 வாட்ஸ். இந்த அளவுச் சிறிய மோட்டார் முழு லோடில் 600 வாட்ஸுக்கு மேல் வாங்க வேண்டும். உங்களுடையது 450தான் வாங்குகிறது, பவர் ஃபேக்டரும் இவ்வளவு கீழே. மோட்டாருக்குப் போதிய வேலை இல்லை என்று தோன்றுகிறது. தண்ணீர் எப்படி வருகிறது?

கிணற்றடி (10:02)
தண்ணீர் ஒரு மாதமாகவே மெதுவாகத்தான் வருகிறது. கிணற்றில் மட்டம் இறங்கியதால் என்று நினைத்தேன். கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை, அதனால்தான் சொல்லவில்லை.

தெற்குக்காற்று (10:09)
எங்காவது அடைத்திருந்தால் லோடு கூடத்தானே வேண்டும்? குறைகிறது என்கிறீர்களே.

மூத்த வயர்மேன் (10:16)
நல்ல கேள்வி. பிஸ்டன் பம்பில் வெளிக்குழாயை அடைத்தால் கூடும். சென்ட்ரிஃபியூகல் பம்பில் (சுழலும் சக்கரம் தண்ணீரை வீசித் தள்ளும் வகை) போகும் தண்ணீர் குறைந்தால் லோடும் குறையும். பெரிய பம்புகளை வெளி வால்வை மூடிவைத்து ஸ்டார்ட் செய்வது அதனால்தான். லோடு குறைந்தாலும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஆம்பியர் பெரிதாக இறங்காது. டாங் டெஸ்டரை மட்டும் நம்பினால் இது தெரியவே தெரியாது. தம்பி, கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வைத் தூக்கி, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரில் ஏற்கெனவே இருக்கும் ரன் கண்டன்சரைத் தொட வேண்டாம், அதன் வேலை வேறு.

தாமிரம் (10:20)
வயர் சூடு குறைவதும் மிச்சம்தானே? அதையாவது ஒப்புக்கொள்கிறீர்களா?

மூத்த வயர்மேன் (10:24)
6 வாட்ஸ் அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

சுருள் (மறுநாள் இரவு 7:30)
கிணற்றடி, பார்த்தீர்களா?

கிணற்றடி (மூன்றாம் நாள் காலை 6:48)
ஃபுட் வால்வு வலை முழுக்கப் பாசி. சுத்தம் செய்து இறக்கினேன். இப்போது 10 மினுக்கலுக்கு 17 நொடி, 4.4 ஆம்பியர், 225 வோல்ட். தண்ணீர் முன்பு போல வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

சுருள் (7:05)
அப்படியானால் 662 வாட்ஸ், பவர் ஃபேக்டர் 0.67. வாட்ஸ் ஏறிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், ஓடும் நேரம் குறையும். தொட்டி நிறைய முன்பு எத்தனை நிமிடம், இப்போது எத்தனை நிமிடம்? சொன்னால் ஒரு தொட்டிக்கு எத்தனை யூனிட் மிச்சம் என்று கணக்குப் போட்டுவிடலாம்.