புதுப்பிப்பு: மிதந்தே கிடந்த பொம்மை நீர்மூழ்கி இப்போது மூழ்குகிறது

போன மாதம் கேட்டிருந்தேன்: பையனுக்கு வாங்கிய மலிவு ரிமோட் நீர்மூழ்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலேயே மிதக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மோட்டாரை மாற்றிப் பார்த்தேன், வீண்செலவு. வேலை செய்தது தூண்டில் ஈயக்குண்டு ஒட்டச் சொன்ன அண்ணனின் யோசனைதான். என்னுடையதில் தண்ணீர் நிரப்பும் தொட்டி கிடையாது, ஒரு குட்டி விசிறிதான் கீழே இழுக்கிறது, அதனால் மிதப்பு கொஞ்சம் கூடினாலும் அது தோற்றுவிடும். குண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, வயிற்றடியில் மூக்குப் பக்கமாக எம்-சீல் வைத்து ஒட்டினேன், முதுகு நூலளவு மட்டும் வெளியே தெரிகிற வரைக்கும். (ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.)

எதிர்பாராதது இனிமேல்தான். காட்பாடியில் மதியம், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கை சுடச்சுட வந்த தண்ணீரை டப்பில் பிடித்துச் சரிபார்த்திருந்தேன். மறுநாள் காலை குடியாத்தம் பக்கம் மாமனார் கிணற்றில் விட்டால் மறுபடி மிதக்கிறது! தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 35க்குச் சூடானாலே லிட்டருக்குச் சுமார் 3 கிராம் எடை குறையும், கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்தது, அதனால் கனம் கூடுதல், பொம்மையை இன்னும் மேலே தூக்கும்; சின்னப் பொம்மைக்கு அந்த வித்தியாசமே போதும். கிணற்றடியிலேயே இன்னொரு துணுக்கு ஈயம் ஒட்டியதும் சரியானது.

அப்புறம், கொஞ்சம் ஆழம் போனதும் சிக்னல் அறுந்தது. மிதப்பு துளி மிச்சம் வைத்திருந்ததால் தானாக மேலே வந்தது. கிணற்றில் விடுபவர்கள் தூண்டில் நரம்பு ஒன்றைக் கட்டியே விடுங்கள்.