படித்துறைக்குப் பணம் திரட்டுமுன் ஒரு வார்த்தை

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

நம் ஊரை விட்டு வெளியே இருக்கிறவர்களின் சங்கக் குழுவில் ஆற்றுப் படித்துறை பற்றி இரண்டு வாரமாக வந்த மடல்களை ஒன்றுவிடாமல் படித்தேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஆறு பெயர்த்துக்கொண்டு போன படிகளை நாமே கட்டிக் கொடுத்துவிடலாம், பெண்கள் உடை மாற்ற ஒரு அறையும் சேர்த்துக் கட்டலாம் என்று துபாய்க்காரர்கள் எழுதியதும், தாராவியிலிருந்து பெரியப்பா உடனே ஒரு தொகையைச் சொன்னதும் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. என் பங்கும் உண்டு. ஆனால் அந்தப் பணம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் ஆகாமல் ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. வந்த அன்றைக்கு ராத்திரி பஸ் ஸ்டாண்ட் முக்கில் இறங்கினால் ஒரே இருட்டு. 2018-ல் நம் சங்கம் வைத்துக் கொடுத்த ஹைமாஸ் என்னும் உயர்கம்ப விளக்கு அணைந்து கிடக்கிறது. எத்தனை பேரிடம் கேட்டு, எத்தனை மாதம் சேர்த்து வைத்த விளக்கு அது! மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "அக்கா, அது நம்ம ரிஜிஸ்டர்லயே ஏறல. ரிஜிஸ்டர்ல இல்லாத பொருளுக்கு ரிப்பேர்னு நாங்க எஸ்டிமேட் போட்டா ஆடிட்ல யாரு பதில் சொல்லுதது?"

எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டின் எந்தப் பேரூராட்சியிலும் நகராட்சியிலும் கவுன்சிலர் கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம்தான். நாம் விளக்கு வைத்தது அந்தக் காலத்தில். ஒரு கடிதம் கொடுத்தோம், விழா நடத்தினோம், போட்டோ எடுத்தோம். தனி அலுவலரே மன்றத்தின் இடத்தில் இருந்து "நன்கொடையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று தீர்மானம் எழுதியிருக்கலாம். நாமும் கேட்கவில்லை, அவர்களும் எழுதவில்லை. அதனால் சொத்துப் பதிவேட்டில் அந்த விளக்கு இல்லவே இல்லை. எரிந்த வரைக்கும் எரிந்தது, பழுதானதும் அநாதையாகிவிட்டது.

சித்தி மகள்தான் இப்போது நம் வார்டு கவுன்சிலர் என்பது உங்களுக்குத் தெரியும். பெண்களுக்குப் பாதி இடம் என்று ஆனபிறகு வந்த முதல் நகர்ப்புறத் தேர்தலில் நின்று ஜெயித்தவள். போன கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அலுவலகத்திலிருந்து அஜெண்டாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பாட்டு மேஜையில் வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். ஓரத்தில் பின் அடித்த இருபத்திரண்டு தாள். கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய முப்பத்து நான்கு பொருள். பிளீச்சிங் பவுடர் கொள்முதல், நீரேற்று நிலைய மோட்டார் ரீவைண்டிங், தெருவிளக்குச் சாமான், வாரச்சந்தை குத்தகை ஏலம், தூய்மைப் பணியாளர் சம்பளப் பட்டியல் என்று வரிசையாகப் போகிறது. ஒவ்வொன்றின் அடியிலும் "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது", அதற்கும் கீழே அலுவலகக் குறிப்பு, "அனுமதிக்கலாம்". இத்தனையும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமாம். எழுந்து கேள்வி கேட்கிற பொருளைத் தவிர மற்றதெல்லாம் "ஆல் பாஸ்".

அவள் ஒன்று காட்டினாள். சில பொருளில் "அவசரம் கருதி தலைவரின் முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்ட பணி" என்று இருக்கிறது. வேலை முடிந்து பில்லும் வந்தபிறகு மன்றத்துக்கு வருவது. மோட்டார் எரிந்து ஊருக்குத் தண்ணீர் இல்லை என்றால் கூட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதுதான், அது நியாயம். ஆனால் "முன் அனுமதி எது, புது அனுமதி எது என்று முதலில் பென்சிலால் குறித்துவிடுவேன்க்கா. கேட்கவேண்டியது அங்கதான் இருக்கும்" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் படித்துக்கொண்ட பாடம் அது. பக்கத்து ஓரம் முழுக்க அவள் பென்சில் குறிப்பு.

நம் ஹைமாஸ் விளக்கு பொருள் எண் 31. அவள் எழுதிக் கொடுத்து வைக்கச் சொன்னது. சங்கம் வழங்கிய விளக்கை நன்கொடையாக ஏற்று, பதிவேட்டில் சேர்த்து, பராமரிப்புக்கு எஸ்டிமேட் தயாரிக்க அனுமதி. நான்கே வரி. கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. அந்த நான்கு வரி ஏழு வருஷம் முன்னால் இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்ட் இருட்டியிருக்காது.

சரி, பணத்துக்கு வருகிறேன். "பேரூராட்சியிடம் பணமே இல்லையாமே, அப்புறம் எதற்கு அவர்களிடம் போக வேண்டும்?" என்று மெல்போர்ன் தம்பி கேட்டிருந்தார். அலுவலகத்தில் "ஃபண்ட் இல்லை" என்று சொன்னால், அந்த வேலைக்கான கணக்குத் தலைப்பில் பணம் இல்லை என்று அர்த்தம். பெட்டி மொத்தமாகக் காலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேரூராட்சியின் சொந்த வரவு என்றால் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தை ஏலம், கட்டட அனுமதிக் கட்டணம் இவ்வளவுதான். அது சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் கூட்டுக் குடிநீருக்குக் கட்டுவதற்குமே இழுபறி. மிச்சம் மாநில நிதி ஆணைய மானியத்தில் வருகிறது. புது வேலை என்றால் ஏதாவது திட்டத்தின் பெயரில்தான். மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரைக்குக் கொடுக்கிற மானியத்தில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. ஆகவே ஒரே அலுவலகத்தில் ஒரு தலைப்பில் பணம் தூங்கும், இன்னொரு தலைப்பில் மூன்று மாத பில் நிற்கும். படித்துறைப் படிக்கு அந்த 60-ல் இடம் இல்லை. உடை மாற்றும் அறையோடு கழிப்பறையும் கேட்டால், துப்புரவுத் தலைப்பில் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. பேரூராட்சிக்கு நாம் கொடுக்கப்போகிற மனுவில் படியையும் அறையையும் பிரித்து எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நமக்குப் பொருத்தமான கதவு நமக்கு நாமே திட்டம். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, மீதி அரசு. பேச்சுக்கு எஸ்டிமேட் 18 லட்சம் என்று வைத்தால் நாம் 6 லட்சம் கட்டினால் போதும். மொத்தத்தையும் நாமே போட்டு ஒரு வேலை முடிப்பதற்குப் பதில், அதே பணத்தில் படித்துறையும் முடிந்து, வேறொன்றுக்கும் மிச்சம் இருக்கும். அதைவிட முக்கியம், கட்டி முடித்த அன்றே அது பேரூராட்சியின் சொத்தாகப் பதிவேட்டில் உட்கார்ந்துவிடும். நாளைக்கு ஒரு படி பெயர்ந்தால் பராமரிப்புக்குக் கேட்க நமக்கு உரிமை இருக்கும். இடையில் ஒரு தடை உண்டு. ஆறும் கரையும் நீர்வளத் துறையின் கையில். அவர்களுடைய தடையின்மைச் சான்று இல்லாமல் பேரூராட்சி அங்கே கை வைக்க முடியாது. தாமதம் ஆவதானால் இங்கேதான் ஆகும், அதனால் முதலில் தொடங்க வேண்டியதும் இதுதான்.

பணம் அனுப்புவது பற்றி இன்னொரு எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் சங்கக் கணக்குக்கு அனுப்பினால் ஆகும். அப்படி வாங்க அந்தச் சட்டப்படி பதிவு வேண்டும், நம் சங்கத்துக்கு அது கிடையாது. ஆகவே அவர்கள் தயவுசெய்து செயலாளர் அண்ணாச்சியிடம் கேட்காமல் அனுப்பிவிட வேண்டாம்.

"நம்ம ஊர் மேஸ்திரியையே வைத்துக் கட்டிவிடலாமே, டெண்டர் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. அரசுப் பணமும் அதில் கலக்கிறது அல்லவா. 1998-ல் வந்த ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கும் உண்டு. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்பந்தப்புள்ளி கேட்க வேண்டும், அரசின் டெண்டர் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அரசு அறிவித்த இயற்கைப் பேரிடர் நேரத்தில் விலக்கு உண்டு, ஆனால் வெள்ளம் வடிந்து ஒரு வருஷம் ஆன பிறகு அதைச் சொல்ல முடியாது. ஊர் மேஸ்திரி பதிவு பெற்ற ஒப்பந்ததாரராக இருந்தால் அவரும் போடட்டும்.

டெண்டர் விட்டால் வேலை தரமாக இருக்காது என்று பலரும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தரம் தவறுகிற இடம் பெரும்பாலும் டெண்டருக்கு அப்புறம் வருகிறது. போன மாதம் கீழத்தெருவில் பேவர் பிளாக் போட லாரி வந்து கல் இறக்கியது. கவுன்சிலர் தங்கச்சி எஸ்டிமேட் நகலை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். அதில் 80 மில்லிமீட்டர் கனம். டிராக்டரும் வேனும் போகிற தெரு என்பதால் 80. அவள் மகன் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் ஒரு கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி அளந்தோம். ஆறு சென்டிமீட்டர்தான் இருந்தது. வீட்டு வாசல் நடைபாதைக்குப் போடுகிற கல். அங்கே நின்ற மேற்பார்வையாளர் "மாறி ஏத்திட்டாங்க போல" என்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. இளநிலைப் பொறியாளருக்குப் போன் போனது, சாயங்காலம் லாரி திரும்ப வந்து கல்லை ஏற்றிக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் சரியான கல் வந்தது. விரித்தபிறகு யாரால் கனம் பார்க்க முடியும்? மேலே மண் மூடிவிட்டால் அளவுப் புத்தகத்தில் எழுதியதுதான் கணக்கு, எம்-புக் என்று சொல்வார்களே, அது. அதில் பொறியாளர் எழுதி, மேலதிகாரி சரிபார்த்தால் பில் பாஸ். ஆகையால் படித்துறை வேலை நடக்கிற நாட்களில் எஸ்டிமேட் நகலோடு ஊரில் ஒருவர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். அஸ்திவாரத் தோண்டல் எத்தனை அடி, கம்பி எத்தனை எம்எம், கான்கிரீட் கலவை என்ன என்று. கேட்டால் எஸ்டிமேட் தர மறுக்கிறார்கள் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் இதுவரை அது தேவைப்படவில்லை என்று தங்கச்சி சொல்கிறாள்.

வரி ஏற்றியது மன்றம்தான் என்று திட்டி வந்த மடல்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022-ல் சொத்து வரி உயர்ந்தது அரசாணையின்படி. 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. மத்திய மானியம் வேண்டுமென்றால் வரியைக் காலத்துக்குத் தக்கபடி உயர்த்தியே ஆகவேண்டும் என்பது நிதிக் குழு போட்ட நிபந்தனை. மன்றம் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது, அவ்வளவுதான் அதன் கையில் இருந்தது. மன்றம் எழுதுகிற தீர்மானத்தையே ரத்து செய்கிற அதிகாரம் அரசுக்கு உண்டு.

ஆனால் பாக்கி வைத்திருப்பது யார்? பில் கலெக்டர் தெருத் தெருவாகப் பட்டியலைக் காட்டினார். நம் தெருவில் பாக்கியில் இருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிற வீடுகள், நம்முடைய வீடுகள். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, தாமதமானால் மாதம் ஒரு சதவீதம் தண்டம். எல்லாம் ஆன்லைனில் கட்டலாம். படித்துறைக்கு லட்சம் தருகிற கை, வீட்டு வரியில் சில ஆயிரத்தை விட்டுவிடக் கூடாது என்று தங்கையாகக் கேட்டுக்கொள்கிறேன். தெருவிளக்கு பல்பு வாங்குவது அந்தப் பணத்தில்தான்.

துணை விதி, அதாவது பேரூராட்சி தன் ஊருக்கென்று போடுகிற விதி பற்றியும் மன்றத்தில் பேச்சு இருக்கிறது. ஆற்றில் குளித்துவிட்டுப் பழைய துணியை அப்படியே தண்ணீரில் விட்டுப் போவது பாபநாசத்தில் மட்டுமா, நம் துறையிலும்தான். புதுப் படி கட்டி அதிலும் துணி சிக்கிக் கிடந்தால் என்ன பயன்? துணி போடத் தொட்டி, போடாமல் ஆற்றில் விட்டால் அபராதம் என்று திடக்கழிவுத் துணை விதியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி மனுவோடு கேட்கலாம் என்பது என் எண்ணம்.

இப்போது 2025 ஜனவரி. ஏப்ரலில் தொடங்குகிற வருஷத்துக்கான பட்ஜெட்டை அலுவலகத்தில் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மார்ச்சில் மனு கொடுத்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். மனு நகலை நானும் தங்கச்சியும் எழுதி வைத்திருக்கிறோம், நாளை இங்கே போடுகிறேன். திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். திங்கட்கிழமை செயல் அலுவலரிடம் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகல் வாங்கிவிடுவேன். நீர்வளத் துறைக்குத் தனி மனு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, வாரம் ஒருமுறை விசாரித்துவர நெல்லையில் இருக்கிறவர் யாராவது ஒருவர் வேண்டும். நான் பிப்ரவரி 10-ஆம் தேதி மஸ்கட் திரும்புகிறேன். மேலத்தெரு அண்ணாச்சி ரிட்டயர்டு ஆகி வண்ணார்பேட்டையில்தானே இருக்கிறார், அவரிடம் யார் பேசுகிறீர்கள்?